குற்றாலத்துக்காரர்களைக் கடலில் இறக்கிய கதை

ஊர் சுற்றிக் காட்டும் தொழிலில் ஊரைப் பற்றி ஒரு கவலையும் இல்லை, அது போட்ட இடத்தில் அப்படியே கிடக்கும். கூட்டிக்கொண்டு போகிற ஆட்களைத்தான் நிமிஷத்துக்கு ஒரு தடவை எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும்.

வீட்டு ஆட்கள் ஏழெட்டுப் பேரை ஒரு வேனில் ஏற்றித் திருச்செந்தூர் வரைக்கும் போய்வந்தவர்களுக்கே இந்தப் பாடு தெரிந்திருக்கும். ஒருத்தருக்கு ஜன்னல் ஓரம் வேண்டும். ஒருத்தருக்குக் காற்றுப் பட்டால் காது வலிக்கும். ஒருத்தர் வண்டி நிற்கிற இடத்திலெல்லாம் டீ குடிப்பார், பிறகு குடித்த டீக்காக இன்னொரு தடவை வண்டியை நிறுத்தச் சொல்வார். நீங்கள் வருஷத்துக்கு ஒரு தடவை படுவதை நான் மாதத்துக்கு ரெண்டு தடவை படுகிறேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

தென்காசி பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு மாடி அறை, மூன்று நாற்காலி, ஒரு ஃபேன். இதுதான் என் டிராவல்ஸ். சாரல் காலத்தில் வெளியூர்க்காரர்களுக்குக் குற்றாலத்தைக் காட்டுகிறேன். சீசன் ஓய்ந்ததும் குற்றாலத்துக்காரர்களுக்கு வெளியூரைக் காட்டுகிறேன். முதலாவது சுலபம். வெளியூர்க்காரர் அருவியைப் பார்த்ததும் வாயைப் பிளந்துவிடுவார், நான் ஓரமாக நின்று சுக்குக்காப்பி குடிக்கலாம். நம்ம ஊர் ஆட்கள் இருக்கிறார்களே, தண்ணீர் விஷயத்தில் அசைந்துகொடுக்கவே மாட்டார்கள். எவ்வளவு பெரிய தண்ணீரைக் கொண்டுபோய்க் காட்டினாலும், "இது எங்கனயிருந்து விழுது?" என்றுதான் முதல் கேள்வி வரும்.

போன தை மாதம் பதினாறு பேரை அந்தமானுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அதில் ஒரு நாள் முழுக்கப் படகுதான். மூன்று தீவு பார்க்கணும், முகத்தில் கண்ணாடி மாட்டிக்கொண்டு கடலுக்குள் மீன் பார்க்கணும், நடுவில் கடற்கரை மணலில் மதியச் சாப்பாடு. அந்த ஒரு நாளுக்காக நான் பட்ட பாட்டைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

விசாரணை

சுடலைமுத்து ஏட்டையா என் அறைக்குள் வந்ததும் முதலில் ஜன்னலைப் பார்த்தார், பிறகு கதவுக்குப் பின்னால் பார்த்தார், அப்புறம்தான் என்னைப் பார்த்தார். முப்பத்தைந்து வருஷம் போலீஸ். ரிட்டயர் ஆகும்போது எஸ்.எஸ்.ஐ. ஆகிவிட்டார், ஆனால் ஊர் அவரை ஏட்டையாவோடு நிறுத்திக்கொண்டது. அதில் இருபது சீசனுக்கு மேல் மெயின் அருவியில்தான் பந்தோபஸ்து. "போதும், வெளிய வா, பின்னால ஆளு நிக்குல்லா!" என்று அவர் அதட்டி வெளியே வராத ஆள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் கிடையாது. என்னையே ஒரு தடவை தோளைப் பிடித்து இழுத்துப் போட்டிருக்கிறார், தலையில் ஷாம்பு நுரையோடு.

உட்கார்ந்ததும் ஆரம்பித்தார். படகு எத்தனை அடி? மிதவைச் சட்டை ஆளுக்கு ஒன்றா, ரெண்டு பேருக்கு ஒன்றா? படகு ஓட்டுகிறவன் குடிப்பானா? கடல் எவ்வளவு ஆழம்? "எந்த இடத்துல ஏட்டையா?" என்று கேட்டேன். "எல்லா இடத்துலயும்" என்றார். எனக்கு ஃபேன் காற்றிலும் வேர்த்தது.

கூட வந்திருந்த அவர் வீட்டம்மா செண்பகம் அக்கா அதுவரைக்கும் வாயே திறக்கவில்லை. திறக்க இடம் கிடைத்தால்தானே! ஏட்டையா அடுத்த கேள்விக்கு மூச்சு இழுத்த நேரத்தில் அக்கா போனை என் முன்னால் நீட்டினார். அவர்கள் மகன் மிலிட்டரியில் இருக்கிறான். அந்தமானில் இருந்தபோது கடலுக்கு அடியில் எடுத்து அனுப்பிய வீடியோ அது. கொத்துக் கொத்தாக மஞ்சள் மீன். மகனைப் பஞ்சாப் பக்கம் மாற்றியே மூன்று வருஷம் ஆகிவிட்டது. அக்கா இன்னும் தினமும் அதைப் போட்டுப் பார்க்கிறாராம். "தம்பி, இது நெசமாவே இவ்வளவு மஞ்சளா, இல்ல போன்ல அப்படித் தெரியுதா?" என்று கேட்டார். நேரில் இன்னும் மஞ்சள் என்றேன். "அப்ப நான் தண்ணிக்குள்ள எறங்கிப் பாக்கணும்" என்றார். கெஞ்சலாக இல்லை, முடிவாகச் சொன்னார். ஏட்டையா எழுந்து நின்றுவிட்டார்.

"வாரோம், பேர எழுதிக்கிடும். ஆனா இவ படகுல உக்காந்துதான் பாப்பா. தண்ணில கால் நனைக்கக் கூடாது. அதையும் பக்கத்துலயே எழுதிக்கிடும்!"

தொட்டியில் ஒத்திகை

கடலில் முகம் வைக்கிற வித்தையைக் கடலில் போய்ச் சொல்லிக்கொடுத்தால் ஆகாது என்பது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. அதனால் இலஞ்சியில் என் சேக்காளி ஒருவனின் தென்னந்தோப்பில் பம்புசெட் தொட்டி ஒன்றைப் பிடித்து வைத்திருக்கிறேன். இடுப்பளவு தண்ணீர். புறப்படுவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் அங்கே ஆஜராக வேண்டும். முகத்துக்கு மாட்டுகிற கண்ணாடி மூக்கையும் சேர்த்து மூடிவிடும். மூச்சு விடுவதெல்லாம் வாயில் கடித்துக்கொள்கிற குழாய் வழியாகத்தான். இதைவிட எளிதாக ஒரு விஷயத்தைச் சொல்ல முடியாது. இதைவிடக் கஷ்டமாக ஒரு விஷயத்தை யாரும் செய்தும் நான் பார்த்ததில்லை.

முதலில் இறங்கியவர் கணபதி அண்ணாச்சி. சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி போடுகிறவர். பூ பூத்தால் போதும், போட்டோ எடுக்க ஊரே வயலுக்குள் இறங்கிவிடும். அவர்களை விரட்டி விரட்டியே உரத்த குரல் வந்துவிட்ட மனுஷர். குழாயை வாயில் வைத்துக்கொண்டு தண்ணீருக்குள் போனவர், உள்ளே இருந்தபடியே என்னிடம் ஏதோ சந்தேகம் கேட்டார். தொட்டித் தண்ணீரில் கால்வாசியைக் குடித்துவிட்டுத்தான் வெளியே வந்தார். குழாயை வைத்துக்கொண்டு பேசக் கூடாது அண்ணாச்சி என்றால், பேசாமல் எப்படி மூச்சு விடுகிறது என்கிறார்!

ஏட்டையா தொட்டி மேட்டில் நின்று ஒவ்வொருத்தரும் எத்தனை நிமிஷம் உள்ளே இருக்கிறார்கள் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்து அதட்டிக்கொண்டிருந்தார். செண்பகம் அக்கா தென்னை மூட்டில் உட்கார்ந்து வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார். ஏட்டையாவுக்கு ஒரு போன் வந்தது. பேசிக்கொண்டே தோப்புக்கு அந்தப் பக்கம் போனார். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் அக்கா கண்ணாடியை எடுத்து மாட்டி, குழாயைக் கடித்து, தொட்டி விளிம்பைப் பிடித்துக் குனிந்து, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துவிட்டார். சேலைத் தலைப்பு மட்டும் வெளியே மிதந்தது. ஒரு தடவைகூடத் திணறவில்லை. நிமிர்ந்தபோது முகம் அப்படியே மலர்ந்து கிடந்தது. ஏட்டையாவின் செருப்புச் சத்தம் கேட்டதும் முகத்தைத் துடைத்துக்கொண்டே என்னிடம் கிசுகிசுத்தார்.

"தம்பி, உள்ள ஒரு தவளை என்னையவே பாத்துக்கிட்டு இருந்துச்சு. அவருட்ட சொல்லிராதீங்க."

எண்ணெய்

என் தப்பு ஒன்றைச் சொல்கிறேன். புறப்படும் முன்னால் பதினாறு பேருக்கும் நான் சொல்லாத விஷயமே கிடையாது. தொப்பி எடுங்கள், வாந்தி மாத்திரை எடுங்கள், கடலில் வேட்டியோடு இறங்காதீர்கள். எல்லாம் சொன்னேன். ஒன்றே ஒன்றைச் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று தோன்றவும் இல்லை, நானும் இந்த ஊரில்தானே வளர்ந்திருக்கிறேன்.

முதல் தீவில் இறங்கி, அனுமதிச் சீட்டுக் காட்டப் போனவன் திரும்பி வந்து பார்க்கிறேன், கரையில் என் ஆட்கள் வெயிலில் மினுமினு என்று மின்னுகிறார்கள். உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரைக்கும் நல்லெண்ணெய்! கணபதி அண்ணாச்சி மணலில் குப்புறப் படுத்திருக்கிறார், அவர் முதுகில் அவர் மச்சான் ஏறி உட்கார்ந்து தட்டித் தட்டித் தேய்க்கிறார். ரெண்டு மதினிமார் சீயக்காய்ப் பொடியைச் செம்பில் கரைத்துக்கொண்டிருக்கிறார்கள். தண்ணீரில் இறங்கவேண்டும் என்றால் எண்ணெய் தேய்க்கவேண்டும், அதில் சந்தேகம் கேட்க என்ன இருக்கிறது? ஐந்தருவிக்குப் போனால் அப்படித்தானே, இங்கேயும் அப்படித்தான். தென்காசியிலிருந்து சென்னைக்கு ரயிலில், அங்கிருந்து விமானத்தில், அந்த எண்ணெய் எங்களோடு கடல் தாண்டி வந்திருக்கிறது. எனக்குத் தெரியாது!

கடலுக்குள் கூட்டிப்போய் மீன் காட்டுகிற பிஸ்வாஸ் பெங்காலி, நாற்பது வயது ஆள். படகுக்காரர் அந்தோணியிடம் பழகி மூன்று தமிழ் வார்த்தை வைத்திருந்தான்: மூச்சு, வாய், பயப்படாதே. மூன்றும் அப்போது உதவவில்லை. எண்ணெய் முகத்தில் கண்ணாடி ஒட்டாது, வழுக்கும், தண்ணீர் உள்ளே வரும். அதோடு பவளப்பாறை மேல் எண்ணெய் படவே கூடாது, சட்டம். ஒருத்தரையும் இறக்கமாட்டேன் என்று கையை விரித்து நின்றுவிட்டான். சோப்பும் கூடாது, சீயக்காயும் கூடாது. கடைசியில் தீவில் இருந்த குழாயடியில் பதினான்கு பேரும் உட்கார்ந்து, ஈர மணலையும் துணியையும் வைத்து ஒருத்தர் முதுகை ஒருத்தர் தேய்த்து எண்ணெயைக் கழற்றினார்கள். பாத்திரம் விளக்குவது மாதிரியேதான் இருந்தது. மீன் பார்க்க வைத்திருந்த ஒன்றரை மணி நேரத்தில் ஒன்றேகால் மணி நேரம் அதிலேயே போயிற்று. அவ்வளவு நேரமும் அவர்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, எனக்குக் கோபம் வந்தும் பிடித்து வைத்துக்கொள்ள முடியவில்லை.

பதினாறில் ரெண்டு பேர் எண்ணெய் தேய்க்கவில்லை. ஒருவர் ஏட்டையா, அவர் நனையப்போவதே இல்லை. இன்னொருவர் செண்பகம் அக்கா. சேலையைக் களைந்துவிட்டு மகளின் சுடிதாரை மாட்டி, கண்ணாடியை மடியில் வைத்து, படகு ஓரத்தில் தயாராக உட்கார்ந்திருந்தார். கண்ணாடி முகத்தோடு ஒட்டி நிற்கவேண்டும் என்று தொட்டியில் நான் சொன்னதை அவர் ஒருத்தர்தான் மறக்கவில்லை. "நீ உக்காரு" என்றார் ஏட்டையா. உட்கார்ந்திருக்கிறவரைப் பார்த்து அதையே மூன்று தடவை சொன்னார். அக்கா கண்ணாடியைத் துடைத்து மறுபடி மடியில் வைத்துக்கொண்டார். எனக்குத்தான் மனசு என்னமோ செய்தது.

முதுகு சிவக்கத் தேய்த்து முடித்த கணபதி அண்ணாச்சி எழுந்து நின்று கேட்டார்:

"எண்ணெ தேய்க்காம தண்ணில கெடந்தா சளி புடிக்கும்னு இந்த மீனுகளுக்கெல்லாம் ஒருத்தருமே சொல்லலியா வே?"

உப்பு

மிச்சமிருந்த கால் மணி நேரத்தில் அஞ்சாறு பேரை மட்டும் இறக்க முடிந்தது. கணபதி அண்ணாச்சி முதல் ஆளாக, கோடு போட்ட அண்டர்வேரும் இடுப்பில் சிவப்புத் துண்டுமாக இறங்கினார். தலையை உள்ளே விட்டார். உடனே வெளியே எடுத்தார். மறுபடி உள்ளே விட்டார். பத்து நிமிஷம் கழித்துப் பிஸ்வாஸ் அவரைக் கரைக்கு இழுத்துக்கொண்டு வந்தபோது கண் ரெண்டும் பளபளவென்று இருந்தது. கிளி நிறத்தில் மீன் பார்த்தாராம், வரிவரியாக மீன் பார்த்தாராம், அவரைக் கண்டு ஒன்றுகூட ஓடவில்லையாம். என் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே இருந்தார். இந்த வயதில் இப்படி ஒன்றைப் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை என்றார்.

நல்லா இருந்துச்சா அண்ணாச்சி என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. துண்டை முறுக்கிப் பிழிந்துகொண்டே யோசித்துவிட்டுச் சொன்னார்:

"எல்லாஞ் சரிதான். பழைய குத்தாலத் தண்ணிய ஒரு மணி நேரம் இதுக்குள்ள திருப்பி விட்டாம்னா, குளிக்கவும் நல்லாருக்கும்."

சாப்பாட்டு வரிசை

மதியச் சாப்பாடு ரெண்டாவது தீவில். மர நிழலில் மேஜை போட்டு, சோறு, பருப்பு, முட்டைக்கோஸ் பொரியல், வறுத்த மீன், வெட்டிய பப்பாளி. நம்ம ஆட்கள் பார்த்த பார்வையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பிரானூர் பரோட்டாவும் நாட்டுக்கோழியும் தின்று வளர்ந்த நாக்குக்கு இது எந்த மூலைக்கு? ஆனால் பையிலிருந்து பருப்புப்பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் வெளியே வந்துவிட்டதால் நான் பிழைத்தேன்.

சிக்கல் வேறு இடத்தில் வந்தது. ஒரே சமயத்தில் இன்னும் ரெண்டு படகு வந்து சேர்ந்தது. குஜராத்திலிருந்து ஒரு கூட்டம், கல்கத்தாவிலிருந்து ஒரு கூட்டம். எல்லோரும் மேஜையைச் சுற்றி மொய்த்ததில் பருப்பு வாளியே தெரியவில்லை. படகுக்காரர் அந்தோணி இந்தியில் கத்துகிறார், யாரும் கேட்கவில்லை. ஏட்டையா மணலிலிருந்து எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். "ஏய்!" என்றார். ஒரே ஒரு ஏய். கடலே ஒரு நிமிஷம் அடங்கிய மாதிரி இருந்தது. "லேடீஸ் இங்கன, ஜென்ட்ஸ் அங்கன! ஆளுக்கு ஒரு மீனு. வாங்கியாச்சுல்லா, நகரு. பின்னால ஆளு நிக்குல்லா!"

அத்தனையும் தமிழ்தான். ஒருத்தருக்குக்கூடப் புரியாமல் இல்லை. ரெண்டு வரிசை கயிறு பிடித்த மாதிரி நின்றது. வழுக்கைத் தலைக் குஜராத்திப் பெரியவர் ஒருவர் காலித் தட்டோடு வந்து, இன்னொரு துண்டு பப்பாளி எடுக்கலாமா என்று ஏட்டையாவிடம் சைகையில் அனுமதி கேட்டார். ஏட்டையா யோசித்து, தலையசைத்து, ஒரு விரலைக் காட்டினார். இருபது நிமிஷத்தில் எழுபது பேர் சாப்பிட்டு முடித்தார்கள். அந்தோணி என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்:

"அண்ணே, போவும்போது இவர மட்டும் இங்கனயே விட்டுட்டுப் போயிருங்களேன்."

டூட்டி

எல்லோரும் சாப்பிட்டபிறகுதான் ஏட்டையா தட்டை எடுத்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். செண்பகம் அக்கா தூரத்தில், கணுக்கால் வரைக்கும்கூடத் தண்ணீர் படாமல், கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். "ஏட்டையா, இனி ஒரு தீவுதான் பாக்கி. மூணு மணிக்கு அங்கனயிருந்தும் கிளம்பிருவாங்க, இங்க அஞ்சரைக்கே இருட்டிரும். அக்கா எவ்வளவு ஆசையா வந்திருக்காங்க, ஒரு தடவை இறங்கட்டுமே" என்றேன்.

"தண்ணியப் பத்தி நீரு எனக்குச் சொல்லாதயும்" என்று ஆரம்பித்தார். "மேல மலையில மழ பெஞ்சா கீழ நிக்கவனுக்குத் தெரியாது வே. சனம் சிரிச்சிக்கிட்டே குளிச்சிக்கிட்டு நிக்கும். தண்ணி கலங்கி நெறம் மாறுத அந்த ஒரு நிமிசத்துல அம்புட்டுப் பேரையும் வெளிய கொண்டாரணும். அந்த ஒரு நிமிசத்துக்காகத்தான் இருவது வருசமா எல்லாத்தையும் வெரட்டிக்கிட்டே நின்னேன். நான் ஒருநாக்கூட அதுல தலைய நனைச்சதில்ல. நீச்சலும் தெரியாது. டிப்பார்ட்மென்ட்ல ஒருத்தனுக்கும் இது தெரியாது, உம்மகிட்டதான் சொல்லுதேன். எனக்குப் பயமா இருக்கு வே. உள்ள போயி அவளுக்கு ஒண்ணுன்னா நான் யாரப் புடிச்சி வெளிய இழுப்பேன்?" சோற்றைப் பிசைந்த கை அப்படியே நின்றுவிட்டது. இந்த மனுஷரைப் பார்த்து நான் பயந்த வருஷங்களை நினைத்தேன். எனக்கு அவர் மேல் சட்டென்று ஒரு பிரியம் வந்துவிட்டது.

"அப்ப நீங்களும் பக்கத்துலயே நில்லுங்களேன். அருவில நின்ன மாதிரி" என்றேன். கயிறு கட்டிய மிதவை வளையம் ஒன்று இருக்கிறது, அதை ரெண்டு பேரும் பிடித்துக்கொண்டால் பிஸ்வாஸ் இழுத்துக்கொண்டு போவான், மிதவைச் சட்டை போட்டால் முங்கவே முடியாது, ஆனால் அக்காவைக் கண்காணிக்க வேண்டுமென்றால் நீங்களும் கண்ணாடி மாட்டி முகத்தை உள்ளே வைக்கவேண்டும். ஏட்டையா கை கழுவிவிட்டு நேரே போய் வளையத்தைக் கேட்டு வாங்கினார். கயிற்றை இழுத்துப் பார்த்தார். முடிச்சை அவிழ்த்துத் தானே மறுபடி போட்டார். மணலில் போட்டு மேலே ஏறி உட்கார்ந்து குலுங்கிப் பார்த்தார். பிஸ்வாஸ் பாவம், அட்டென்ஷனில் நின்றான்.

"சரி. டூட்டின்னா டூட்டிதான். அவ அளவுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு, ரெண்டு கண்ணாடி எடும்."

அரை மணி நேரம்

மூன்றாவது தீவில் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. செண்பகம் அக்கா ஒரே எட்டில் இறங்கிவிட்டார். ஏட்டையா இறங்கியதைத்தான் பார்த்திருக்க வேண்டும். படகு ஏணியின் ஒவ்வொரு படியிலும் நின்று ஒரு உத்தரவு. இடுப்பளவு தண்ணீருக்கு வந்தபிறகும் உத்தரவு ஓயவில்லை. "தம்பி, நீ முன்னால போ, வேகமாப் போவாத. ஏ செண்பகம், கயித்த விடக் கூடாது. நான் சொல்லாம ஒருத்தரும் அங்கன இங்கன திரும்பக் கூடாது. தண்ணி மட்டும் கலங்கிச்சின்னா..." கலங்கினால் என்ன செய்யவேண்டும் என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. பிஸ்வாஸ் "வாய்!" என்று சொல்லி, திறந்திருந்த வாயில் குழாயைச் செருகிவிட்டான்.

ரெண்டு பேரும் முகத்தை உள்ளே வைத்தார்கள். படகு விளிம்பைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன், மற்ற பதினாலு பேரும் என்னைச் சுற்றி நின்றார்கள். ரெண்டு ஆரஞ்சு மிதவைச் சட்டை, ரெண்டு குழாய், அவ்வளவுதான் வெளியே தெரிந்தது. ஏட்டையாவின் கால்கள் முதலில் தாறுமாறாக உதைத்தன. பிறகு நின்றன. எனக்குத் திக்கென்றது. "ஏ முருகேசா, மனுசன் அசையலியே வே" என்று கணபதி அண்ணாச்சி வேறு என் தோளைப் பிடித்து உலுக்குகிறார். நான் அந்தோணியைக் கூப்பிட வாயெடுத்தேன். அப்போது ஏட்டையாவின் ஒரு கை வளையத்தை விட்டுவிட்டு, தண்ணீருக்குள் அக்காவின் கையைத் தேடிப் பிடித்தது. பிடித்த கையை ஆட்டி ஆட்டி எதையோ காட்டினார். அக்கா அந்தப் பக்கம் திரும்பினார். பிறகு அக்கா எதையோ காட்டினார், ஏட்டையா திரும்பினார். படகில் யாரோ கை தட்டினார்கள். நான் பொத்தென்று பலகையில் உட்கார்ந்துவிட்டேன்.

அரை மணி நேரம் ஆயிற்று. பிஸ்வாஸ் திரும்பலாம் என்று கையைக் காட்டக் காட்ட, ஏட்டையா வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். கடைசியில் வளையத்தோடு இழுத்துத்தான் கொண்டுவந்தார்கள். குழாய் வாயிலிருந்து வெளியே வந்த நொடியில் ஆரம்பித்தார் பாருங்கள்! "வே, ஒரு கூட்டம் வே! ஐநூறு, ஆயிரம்னு இருக்கும்! என் மொகத்துக்கு நேரா வந்து நிக்கி! ஒரு தள்ளுமுள்ளு இல்ல, என்ன ஒழுங்காப் போவுதுங்க தெரியுமா?" ஏறி வந்தவர் துண்டுகூட வாங்காமல், கண்ணாடியை நெற்றியில் தூக்கி விட்டபடி, படகின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் ஒவ்வொருத்தரிடமாகச் சொல்லிக்கொண்டே போனார்.

செண்பகம் அக்கா தலை துவட்டிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். கண் சிவந்திருந்தது. அழுதாரா, உப்புத் தண்ணீரா என்று நான் கேட்கவில்லை. "மஞ்சதான் தம்பி. நெசமாவே மஞ்சதான்" என்றார். மகனுக்கு இன்றைக்கே போன் பண்ணவேண்டும் என்றார். படகு கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. முன்பக்கத்தில் ஏட்டையா அந்தோணிக்கே கடலைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். அக்கா அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, என் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"மீனு அழகுதான் தம்பி, இல்லங்கல. ஆனா கல்யாணமாயி முப்பத்திநாலு வருசத்துல, இந்த மனுசன் ஒரு வார்த்த பேசாம என் கையப் புடிச்சிக்கிட்டு அரை மணி நேரம் என்கூட இருந்தது இன்னைக்குத்தான். நாளைக்கும் அந்தக் குழாயக் குடுப்பாங்களா?"

இப்போதெல்லாம் கல்யாணமாகி முப்பது வருஷம் தாண்டிய அக்காமார் அந்தமான் டூர் விசாரிக்க வந்தால், நான் மீனைப் பற்றி மூச்சே விடாமல் குழாயைப் பற்றி மட்டும்தான் சொல்கிறேன்.